நிலவறைத் திணை: பனிக்காலச் சைக்கிள் மிதிப்பு குறித்து ஓர் ஆய்வு

நிலத்தைப் பகுத்துத் திணை வகுத்த முன்னோர் டொரன்டோவின் பேஸ்மென்ட்டைக் கண்டிலர். ஆகவே ஜனவரியில் அங்கே சைக்கிள் மிதிப்பவனை எத்திணையில் அடக்குவது என்ற சிக்கல் ஸ்காபரோவில் இன்னும் தீரவில்லை. வியர்வையை வைத்துப் பாலை என்பார் ஒரு சாரார். பாலைத் தலைவன் பொருள் தேடிப் போவான். இங்கே பொருள் போகிறது, தலைவன் போகவில்லை. கைக்கிளை, பெருந்திணை உட்பட ஏழும் போதா. எட்டாவது ஒன்று வேண்டும் என்பதே நம் துணிபு.

நிலம் பேஸ்மென்ட். பொழுது முன்பனியும் பின்பனியும். உரிப்பொருள், போகாதிருத்தலும் போகாதிருத்தல் நிமித்தமும். சண்டையெல்லாம் கருப்பொருளில்தான், அதாவது எந்தக் கருவியில் மிதிப்பது என்பதில்.

உருளைக் கட்சியார் மூன்று உருளைகளின் மேல் சைக்கிளைப் பிடிமானமின்றி ஓட்டுவர். பழுதாக அதில் ஒன்றுமில்லை. ஆனால் கவனம் சிதறினால் வண்டி வாஷிங் மெஷினை நோக்கிப் பாயும். திணைமயக்கம் என்பது இதுவே. ஸ்மார்ட் ட்ரெயினர் கட்சியாருக்குத் திரையில் மேடு வந்தால் மிதி தானே இறுகும். விலையைக் கேட்டால் முகமும் இறுகும்.

ஏழைப் புலவர்க்குரியது பழைய காந்த ட்ரெயினர். பின் அச்சை இரும்புத் தாங்கியில் பூட்டி, டயரை உருளையோடு அழுத்தினால் முடிந்தது. தேய்ந்த டயரே போதும். கரித்தூள் உதிரும், கீழே பாய் விரிக்க. சக்கரத்தில் வேக சென்சார் ஒன்றை மாட்டினால், அந்த மாடல் எந்த வேகத்துக்கு எவ்வளவு தடுக்கும் என்பதை அறிந்த செயலி வாட்டைக் கணக்கிட்டுச் சொல்லிவிடும். பின்பக்கம் உயர்வதால் முன்சக்கரத்துக்கு முட்டு வேண்டும். கட்டுரையாளரின் முனைவர் பட்ட ஆய்வேடு சரியான கனம். அதற்கு இதுவரை கிடைத்த ஒரே பயன்பாட்டு மேற்கோளும் இதுதான்.

மிச்சப்பட்ட காசெல்லாம் மின்விசிறிக்கே சேர வேண்டும். மிதிப்பவன் செலவழிக்கும் ஆற்றலில் மிதிக்குப் போவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் தேறாது, மற்றது வெப்பம். 150 வாட்டில் மிதித்தால் உடம்பு குறைந்தது 450 வாட் அடுப்பு. தெருவில் எதிர்க்காற்று அதை இலவசமாக ஆற்றிவிடும். கூடத்தில் சும்மா கிடக்கும் மேசை விசிறி இதற்கு ஆகாது; பெரிய தரை விசிறியை நெஞ்சுக்கு நேரே வைக்க. கைப்பிடியில் துண்டு போடாவிட்டால் உப்பு வியர்வை இறங்கி ஸ்டெம் போல்ட்டுகள் துருவேறும்.

இதெல்லாம் வீண் வேலை என்பார்க்கு மேத்யூ ஹேமன் சான்று. 2016 பிப்ரவரியில் கை எலும்பு முறிந்து, கராஜுக்குள் ட்ரெயினர் மிதித்த அந்த ஆஸ்திரேலியர், ஏப்ரலில் பாரிஸ்-ரூபே பந்தயத்தை வென்றார். அவர் எந்த விசிறி வைத்திருந்தார் என்று உரையாசிரியர் எவரும் கவலைப்படவில்லை; நம் புலமை உலகின் நிலை இது.

வாங்கும் பொழுது: ஏப்ரல். பனி உருகியதும் பலரும் ட்ரெயினரைத் தள்ளிவிடப் பார்ப்பர். நவம்பரில் எல்லோரும் தேடுவர். ஏப்ரலில் வாங்கியதை நவம்பர்வரை வீட்டுக்காரி கண்ணில் படாமல் எங்கே வைப்பது என்பது தனி ஆய்வுக்குரியது.