பதினாறும் பெறுதல்: டுசல்டோர்ஃப் தமிழர் மிதிவண்டிக் குழுப் பயணம் குறித்த ஓர் ஆய்வு

1. நுதலிய பொருள்

இவ்வாய்வு என் நுதலிற்றோ எனின், டுசல்டோர்ஃப் தமிழர் கோடைத் தொடக்கத்துத் தேர்த்திருவிழாவன்று, ஹம் நகரின் உவெண்ட்ரோப்பில் உள்ள காமாட்சி அம்பாள் கோயிலுக்குச் சந்தடியற்ற ஊர்ப்பாதைகள் வழியே சைக்கிளில் கூட்டமாகப் போய்ச் சேரும் முறைமை நுதலிற்று. 2002இல் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் கோபுரம் 17 மீட்டர் உயரம். வழி, வளைவு நெளிவோடு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். ‘போய்ச் சேரும்’ என்றமையால் யாரும் போய்ச் சேர்ந்தார் என்பது பொருளன்று. திட்டமிடல் மட்டுமே இங்கு ஆய்வுப்பொருள் எனக் கொள்க.

2. முன்னோர் நெறி

மிதிவண்டியின் மூதாதையான, மிதிகட்டை இல்லாத ஓட்டப்பொறியைக் கார்ல் டிரைஸ் 1817 ஜூன் 12 அன்று மன்ஹைமிலிருந்து ஓட்டிச்சென்று, ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டார். பொறியின் திறமே காரணம் என்பாருளர். அது பொருந்தாது. அவர் தனியாள், அவருக்கு வாட்ஸ்அப் குழு இல்லை.

2017 ஜூலை 1 அன்று தூர் த பிரான்ஸ் பந்தயம் டுசல்டோர்ஃபில் தொடங்கியது. அன்று 14 கி.மீ. நேரப்போட்டியில் வீரர்களை மழையில் ஒருவர்பின் ஒருவராகவே அனுப்பினார்கள். கூட்டமாக லியேஜ் நோக்கிக் கிளம்பியது மறுநாள்தான். ஆகவே உலகத் தேர்ச்சி பெற்றவர்களையே இவ்வூரிலிருந்து ஒன்றாகக் கிளப்ப ஒரு நாள் தாமதமாகும் என்பது பெறப்படும்.

3. பதினாறின் இலக்கணம்

ஜெர்மன் சாலைப் போக்குவரத்து விதிகளின் 27ஆம் பிரிவு, 15 பேருக்கு மேற்பட்ட சைக்கிளோட்டிகள் ஒரே அணியாகச் சேரலாம் என்கிறது. அப்படிச் சேர்ந்தால் சாலையில் இருவர் இருவராகச் செல்லலாம். அணி முழுவதும் ஒரே வாகனம் போலக் கருதப்படும். முன்னால் போகிறவர் பச்சை விளக்கில் சந்தியைக் கடந்துவிட்டால், இடையில் சிவப்பு விழுந்தாலும் கடைசி ஆள்வரை தொடர்ந்து கடக்கலாம். பதினைந்து பேர் என்றால் பதினைந்து தனி ஆசாமிகள். இன்னும் ஒருவர் சேர்ந்தால் ஓருடல். மணமக்களைப் ‘பதினாறும் பெற்று’ வாழ்க என்னும் நம் வழக்கும் ஜெர்மானியச் சட்டமும் ஒரே எண்ணில் வந்து நிற்பது தற்செயல் என்பாரை இவ்வாய்வாளன் மறுக்கிறான்.

4. பதினாறு தேறாமை

அழைப்பைப் பெற்றோர் நால்வகையர். முதல்வகையார், செய்தி வந்த நொடியே “வாறன்” என்று எழுதுவோர். எல்லா அழைப்புக்கும் இவர்கள் இதையே எழுதுவர். இரண்டாம் வகையார், “மழை எப்படியெண்டு பாப்பம்” என்போர். ஜெர்மனியில் இது மறுப்பதற்குரிய மிக நாகரிகமான வழி. மூன்றாம் வகையார் கட்டைவிரலை மட்டும் உயர்த்துவர். அது வருகையைக் குறிக்குமா, வாழ்த்தைக் குறிக்குமா என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. நான்காம் வகையார் வாயே திறவார். குறித்த காலையில் ரைன் கரையில் காற்றடிக்கும் பம்புடன் முதலில் நிற்போர் இவர்களே.

இவ்வாறு பதினைவர் தேறுவர். பதினாறாமவரைப் பெற வழி ஒன்றே: திருவிழா அன்னதானத்தை நினைவூட்டுதல்.

5. பாதை முரண்

ஹைலிகன்ஹௌஸ் வழியே கெட்விக் வரை, பழைய ரயில் தடத்தின்மேல் அமைந்த சைக்கிள் பாதை உண்டு. செங்குத்து ஏற்றம் ரயிலுக்கு ஆகாது. ஆகவே ரயில் போன வழியில் முழங்காலும் பிழைக்கும். அப்பால் எஸ்ஸனைக் கடந்து ரைன்–ஹெர்னே, டாட்டெல்ன்–ஹம் கால்வாய்க் கரைகள். பின்னது அம்பாளின் தீர்த்தத் திருவிழா நடக்கும் நீர். ஆதலால் வழிதவறினாலும் புண்ணியம் தவறாது.

இங்கேதான் இவ்வாய்வின் முதற்பெரும் முரண். கால்வாய்க் கரையில் போக்குவரத்து விளக்கே கிடையாது. அன்னதானத்தைக் காட்டிப் பெற்ற பதினாறாமவரால் விளையும் சலுகை முழுவதும் நகரச் சந்திகளுக்கானது. நகரச் சந்திகளைத் தவிர்ப்பதோ திட்டத்தின் முதல் விதி.

6. மீளுதல்

உண்டபின் எவரும் மிதியார். ஆகவே ரயில். ஹம்மிலிருந்து டுசல்டோர்ஃபுக்கு நேரடி வட்டார ரயில்கள் உண்டு. சைக்கிளுக்குத் தனிச் சீட்டு எடுத்தாலும் பெட்டியில் இடமிருந்தால்தான் ஏற்றலாம். குழந்தை வண்டியும் சக்கர நாற்காலியும் முன்னுரிமை பெறும் அந்த மூலையில், ஞாயிற்றுக்கிழமை மாலை பதினாறு சைக்கிள் நுழைவதை எந்தச் சட்டப்பிரிவும் காக்காது. சாலை கூட்டிய அணியை ரயில் குலைக்கிறது. இது இரண்டாம் முரண்.

7. முடிபு

போகும்போது பதினாறுக்குக் குறையாமலும், மீளும்போது நான்குக்கு மிகாமலும் இருத்தலே இலக்கணம். எனவே நால்வர் நால்வராக நான்கு ரயில்கள். முதல் ரயில், திங்கள் அதிகாலை வேலைக்குப் போவோர்க்கு. இரண்டாவது, பம்பு கொண்டுவந்தோர்க்கு. மூன்றாவது, கட்டைவிரல் உயர்த்தியோர்க்கு. கடைசி ரயில் “வாறன்” என்றோர்க்கு, அவர்கள் வந்திருப்பின்.