மாலத்தீவில் அகவிலைப்படி

தமிழ்நாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் கூடும் விதமே தனி. அரசுப் பள்ளியில் இருந்தால் ஜனவரிக்கு ஒன்று, ஜூலைக்கு ஒன்று என்று அகவிலைப்படி வீடு தேடி வரும். வருஷத்துக்கு ஒரு தடவை மூன்று சதவீத இன்கிரிமென்ட். பத்து வருஷத்துக்கு ஒரு தடவை ஊதியக் குழு. எதுவும் வராவிட்டால் ஜாக்டோ-ஜியோ கூட்டமைப்பின் போராட்டப் பந்தலில் போய் உட்காரலாம். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களையும் ஆசிரியர்களையும் அரசு ஒரே மூச்சில் வீட்டுக்கு அனுப்பியதே, அப்போதுகூட யாரும் தனியாகப் போகவில்லை. கும்பலாகப் போனார்கள், பெரும்பாலோர் கும்பலாகவே திரும்பியும் வந்தார்கள். தனியார் பள்ளி என்றால் தாளாளர் மனசு குளிர்ந்த வருஷம் ஐந்நூறு கூடும், குளிராத வருஷம் கூடாது. அங்கே கேட்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆக, ஒற்றை ஆளாக ஒரு முதலாளிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்கும் வித்தையை நம் ஊர் வாத்தியார் ஆயுசில் கற்பதே கிடையாது. பி.எட். பாடத்திலும் அது இல்லை. அந்த லட்சணத்தோடுதான் நான் ஆங்கில வாத்தியாராக மாலத்தீவுக்கு விமானம் ஏறினேன்.

எங்களுக்கு முந்தைய தலைமுறையில் எத்தியோப்பியாவுக்கும் ஜாம்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் போனார்கள். இப்போது மாலத்தீவு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளில் இருநூறுக்கும் குறைவானவற்றில்தான் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். ஒரு தெருவை இரண்டு தரம் நடந்தால் ஊர் முடிந்துவிடுகிற தீவிலும் பள்ளிக்கூடம் உண்டு. பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். முடிவில் பிள்ளைகள் எழுதுவது கேம்பிரிட்ஜ் பரீட்சை. அத்தனை பள்ளிக்கும் உள்ளூரில் ஆள் போதாது என்பதால் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வாத்தியார்கள் போய்க்கொண்டே இருக்கிறார்கள். திருவனந்தபுரத்திலிருந்து மாலே ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. என் ஊர் கோடியக்கரையிலிருந்து திருவனந்தபுரம் போய்ச் சேர்வதற்குள்தான் பாதி உயிர் போய்விடும்.

வெளிநாட்டு உத்தியோகம் கோடியக்கரைக்காரனுக்குப் புதிதல்ல. ஐப்பசி பிறந்தால் போதும், சைபீரியாப் பக்கத்திலிருந்து உள்ளான்கள் எங்கள் சேற்றுக்கு வந்து இறங்கிவிடும். பூநாரைகள் வரும். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பறவைகளை வலைபோட்டுப் பிடித்து, எடை பார்த்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டிப் பறக்க விடுவார்கள். அவையும் முனகாமல் போய்ப் புழு பொறுக்க ஆரம்பித்துவிடும். எனக்கும் மாலேயில் எண் போட்ட ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். நானும் முனகாமல் போய்ப் பாடம் நடத்த ஆரம்பித்துவிட்டேன். எங்கள் ஊர்ச் சேறு கற்பித்த தொழில் தர்மம் அவ்வளவுதான்.

என் மனைவி அப்படிப்பட்ட பறவை அல்ல. கரையில் படகு வந்து ஒதுங்கி ஏலம் முடிந்த கையோடு அவள் சில்லறைக்கு மீன் வாங்குவதைப் பார்க்க வேண்டும். வாவல் வாங்கத்தான் போயிருப்பாள். ஆனால் வாவலைத் திரும்பியே பார்க்க மாட்டாள். பக்கத்துக் கூடையில் கிடக்கும் காலாவின் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இது நேத்து வலை" என்று தீர்ப்புச் சொல்வாள். கூடைக்காரம்மாள் சத்தியம் செய்யத் தொடங்குவாள். அந்தச் சத்தியம் முடிவதற்குள், போகிற போக்கில், "இந்த வாவலை யாரு வாங்கப் போறா?" என்று ஒரு கேள்வி. அப்புறம் நடக்க ஆரம்பித்துவிடுவாள். நிஜமாகவே போகிறவள் மாதிரியே நடப்பாள். சற்றுத் தள்ளி நிற்கும் எனக்கே பல சமயம், இன்றைக்கு ரசம்தான் போல என்று தோன்றிவிடும். பின்னாலிருந்து, "யக்கா, இந்தா, எடுத்துக்கிட்டுப் போ" என்று குரல் வரும். அவள் திரும்புகிற அழகைப் பார்த்தால் ஏதோ தயவு பண்ணுகிறாள் என்றுதான் நினைக்கத் தோன்றும். அதே கூடைக்கு என்னைத் தனியாக அனுப்பிப் பார்த்தார்கள். கேட்ட விலையைக் கொடுத்ததோடு, மீன் நன்றாக இருக்கிறது என்று ஒரு சான்றிதழும் கொடுத்துவிட்டு வந்தேனாம். அன்றோடு பை அவள் கைக்குப் போயிற்று.

இந்த இருவரில் சம்பள உயர்வு கேட்க அனுப்பப்பட்டவன் நான்.

அனுப்பியவள் அவள். மச்சினன் அரசுப் பள்ளி ஆசிரியர். அவருக்கு அகவிலைப்படி ஏறும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு வாரம் காபி ஆறியே வரும் என்று என் அம்மா போனில் சொல்வார்கள். "எங்கண்ணன் இருக்கிற இடத்துலயே இருக்காரு, சம்பளம் தானா ஏறுது. நீங்க கடல் தாண்டிப் போயும் போன வருஷச் சம்பளமா?" என்றாள் மனைவி. அதோடு விடாமல், வெள்ளிக்கிழமை விடுமுறையில் நான் போன் செய்தபோது ஒத்திகையும் வைத்தாள்.

"நான்தான் ஹெட்மாஸ்டர்னு வச்சுக்குங்க. உள்ள வாங்க, சொல்லுங்க."

"குட் மார்னிங் சார். டீ சாப்பிட்டீங்களா?"

"அதெல்லாம் ஆச்சு. விஷயத்தச் சொல்லுங்க."

"இந்த வருஷம் மழை கொஞ்சம் கூடத்தான் சார்..."

"மழை எங்க வீட்டு மேலயும்தான் பேயுது. எவ்வளவு வேணும்?"

"நீங்களா பார்த்து ஏதாவது..."

"பார்த்தாச்சு. ஒண்ணும் கிடையாது. போயி பத்தாங்கிளாசுக்கு ஸ்பெஷல் கிளாஸ் எடுங்க."

"சரிங்க சார்."

சிறிது நேரம் போனில் சத்தமே இல்லை. பிறகு, "நெசமாவே சரின்னுட்டீங்களா?" என்று கேட்டாள். என் குரலில் அவ்வளவு தத்ரூபம் இருந்ததாம்.

உண்மையான பள்ளி முதல்வர் என் மனைவியை விட எவ்வளவோ நல்லவர். நான் வாயைத் திறக்குமுன் நாற்காலி போட்டார். உங்களைப் போல ஓர் ஆங்கில ஆசிரியரை இந்தத் தீவு கண்டதில்லை என்றார். அந்தக் கேம்பிரிட்ஜ் ஓ லெவலில் ஐந்து பாடம் தேறுகிறவர்களின் எண்ணிக்கையைத்தான் அங்கே எல்லாரும் எண்ணிக்கொண்டிருப்பார்கள். அதில் ஆங்கிலத்தின் பங்கு என்ன, அதில் என் பங்கு என்ன என்று அவரே எடுத்துச் சொன்னார். எனக்குக் கண் கலங்கிற்று. இத்தனை பாராட்டிய மனிதரிடம் பணத்தைப் பற்றிப் பேசுவது அநாகரிகம் என்று பட்டது. வெளியே வரும்போது என் கையில் பள்ளி ஆண்டு மலரின் பொறுப்பும், ஆங்கில நாடகத்தின் பொறுப்பும், ஒரு பொட்டலம் மாசியும் இருந்தன. சூரை மீனை அவித்து, புகை போட்டு, கட்டையாகக் காய வைத்த முதல்தர மாசி. சம்பளம் அப்படியே இருந்தது.

இதில் முதல்வர் பேரில் குற்றமில்லை. அரசுப் பள்ளிச் சம்பளப் பட்டியல் மாலேயில் தயாராவது. தீவில் இருக்கிறவர் நினைத்தாலும் அடிப்படைச் சம்பளத்தில் ஒரு ரூஃபியா கூட்ட முடியாது. சுற்றி வளைத்தாவது கேட்கக்கூடியவை வேறு: தங்குகிற அறையை எத்தனை பேரோடு பங்கு போட வேண்டும், ஊருக்குப் போகிற டிக்கெட் யார் செலவு, கூடுதல் வகுப்புக்குக் கூலி உண்டா. அதையும் ஒப்பந்தம் புதுப்பிக்கிற சமயத்தில்தான் கேட்க முடியும். கையெழுத்துப் போட்டு முடித்தபின் கேட்டால் மாசிதான் கிடைக்கும்.

அப்படியானால் வேறு நாட்டுக்குப் போங்களேன் என்றாள் மனைவி. தென்கொரியாவில் ஆங்கிலப் பேச்சு சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கு நல்ல சம்பளம். ஆனால் அதற்கான விசாவுக்கு அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறார்கள். கோடியக்கரை அதில் இல்லை. இந்த நியாயத்தை ஒரு காலத்தில் தஞ்சாவூர் பார்த்ததா? பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் தஞ்சாவூரில் ஆங்கிலப் பள்ளி நடத்திய ஷ்வார்ட்ஸ் பாதிரியார் பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மானியர். நம் சரபோஜி மகாராஜாவே அவர் பார்வையில் வளர்ந்தவர்தான். அந்தப் பாதிரியார் எளிமையாக வாழ்ந்து, கிடைத்த பணத்தையெல்லாம் சமயப் பணிக்கும் பள்ளிக்கும் கொடுத்துவிட்டார் என்று சரித்திரம் புகழ்கிறது. எனக்கென்னவோ அயல்நாட்டு ஆங்கில வாத்தியார்களின் சம்பளத்தைக் கெடுத்த முதல் ஆள் அவர்தானோ என்று ஒரு சந்தேகம். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும்.

இதற்கிடையே என் சம்பளம் ஒரே நாளில் குறைந்தது. 2011 ஏப்ரல் வரை ஒரு டாலருக்கு 12.85 ரூஃபியா. அந்த மாதம் ரூஃபியாவின் பிடியைத் தளர்த்தினார்கள். அது நேரே 15.42-க்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பேச்சுக்குப் பத்தாயிரம் ரூஃபியா வாங்குகிறவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 778 டாலராக இருந்தது 648 ஆயிற்று. முதல்வர் குறைக்கவில்லை, நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை, 130 டாலர் போன இடம் தெரியவில்லை. அந்த 648-ஐயும் வங்கியில் போய்க் கேட்டவுடன் எண்ணிக் கொடுத்துவிட மாட்டார்கள். மாதத்துக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு இருக்கும். மீதிக்கு டாலர் வேண்டுமென்றால் வெளியே கூடுதல் விலை.

நைஜீரியாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த ஒரு பெரியவர் அப்போதுதான் எனக்கு உபதேசம் செய்தார். 1986-இல் நைரா சரிந்ததை நேரில் அனுபவித்தவர். "தம்பி, சம்பளம் எவ்வளவுன்னு பாக்காதீங்க. எந்தப் பணத்துல, ஊருக்கு எவ்வளவு அனுப்ப விடுவான்னு பாருங்க. பாக்கியெல்லாம் காகிதம்" என்றார். எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரே உருப்படியான வார்த்தை அதுதான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபின் சொன்னார்.

பிறகு 2013 வந்தது. நான் கேட்டுக் கிடைக்காததை இந்திய ரூபாய் கொடுத்தது. 2011 ஏப்ரலில் டாலருக்கு 44, 45 ரூபாய் இருந்தது, 2013 ஆகஸ்ட் கடைசியில் 68-ஐத் தாண்டிற்று. அதே பத்தாயிரம் ரூஃபியா முன்னே சுமார் 29,000 ரூபாய், இப்போது 44,000. ஆண்டு மலரும் நாடகமும் சாதிக்காததை நடப்புக் கணக்குப் பற்றாக்குறை சாதித்துவிட்டது. டெல்லியில் நிதியமைச்சர் கவலையோடு பேசிக்கொண்டிருந்தார். பத்திரிகைகள் தேசம் முழுகிவிட்டதாக எழுதின. எங்கள் வீட்டில் பாயசம். "கேட்டுட்டீங்களா? நெசமாவே கேட்டுட்டீங்களா?" என்று மனைவி போனில் நெகிழ்ந்தாள். பெண்களின் நம்பிக்கையை உடைப்பது எனக்கு வழக்கமில்லை. "ம்" என்றேன்.

அந்த 'ம்' ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. செப்டம்பரில் ரிசர்வ் வங்கிக்குப் புதிய ஆளுநர் வந்தார். ரூபாய் நிமிர்ந்து 62, 63-க்கு வந்தது. நாடு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. வந்த பணத்தை எண்ணிப் பார்த்த மனைவி, "என்ன, ஹெட்மாஸ்டர் கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கிட்டாரா?" என்று கேட்டாள். அதே சமயத்தில் மச்சினனுக்கு ஜூலைக் கணக்கில் அகவிலைப்படி 80 சதவீதத்திலிருந்து 90 ஆயிற்று. விலைவாசி ஏறியதால் படி ஏறிய கதை அது.  என்னுடையது இறங்கி வந்துவிட்டது, அவருடையது ஏறினது ஏறினதுதான். இதைப் பொருளாதார ரீதியாக விளக்கப் பார்த்தேன். "எங்கண்ணன் ஒருத்தர்கிட்டயும் வாய் திறந்ததில்ல, பாத்துக்குங்க" என்று முடித்துவிட்டாள்.

கடைசியில் விஷயத்தை அவளே கையில் எடுத்தாள். அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கும் சமயம், கையெழுத்துப் போடாமல் ஊருக்குக் கிளம்பி வாருங்கள் என்று உத்தரவு. நடுங்கிக்கொண்டே வந்தேன். கோடியக்கரைத் திண்ணையில் உட்கார்ந்து, வேலை போயிற்று என்று வெளிமான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி திறக்கச் சில நாள் இருக்கும்போது தீவிலிருந்து போன் வந்தது. வேறு ஆங்கில ஆசிரியர் கிடைக்கவில்லையாம். தனி அறை தருகிறோம், டிக்கெட் எங்கள் செலவு, கூடுதல் வகுப்புக்குத் தனிக்காசு, எப்போது வருகிறீர்கள்? நான் "நாளைக்கே" என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி என் கையிலிருந்து போனை வாங்கி, எனக்கே தெரியாத ஓர் ஆங்கிலத்தில், சார் யோசித்துச் சொல்வார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு நடந்து போகிற அதே நடை.

ஆகவே மாலத்தீவுக்கோ வேறெங்குமோ ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கக் கிளம்புகிற தம்பி தங்கைகளுக்கு: சம்பளம் எந்த நாணயத்தில், மாதம் எவ்வளவு ஊருக்கு அனுப்பலாம், டிக்கெட்டும் அறையும் யார் பொறுப்பு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, அப்புறம் பேனாவைத் திறங்கள். மேற்கொண்டு ஆலோசனை வேண்டுமானால் என்னிடம் வர வேண்டாம், நான் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமா என்றுதான் கேட்பேன். வீட்டம்மாவைக் கேளுங்கள். காலை ஒன்பது மணிக்கு மேல் மீன் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.