ஆறிய இட்லிக் கொள்கை: குருமனை விருந்தோம்பல் குறித்து ஓர் ஆய்வு

திருச்சபை வரலாற்றை எழுதியவர்கள் பிரசங்கங்களைத் தொகுத்திருக்கிறார்கள், ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டியிருக்கிறார்கள், கோயில் கோபுரங்களின் உயரத்தை அடிக்கணக்கில் குறித்து வைத்திருக்கிறார்கள். குருமனையின் சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டு கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதை மட்டும் யாரும் பொருட்படுத்தவில்லை. அந்தக் கவிழ்த்த தட்டுதான் இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். இங்கே நிறுவ முற்படும் கொள்கை இது: ஒரு குருவானவருக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கும் இடையே உண்டாகும் நெருக்கம், அந்தச் சந்திப்பின்போது குருமனையில் இட்லி எவ்வளவு ஆறிப்போனதோ அவ்வளவு இருக்கும். இட்லி சூடாக இருக்கும்போதே முடிந்துபோன சந்திப்பில் அறிமுகம் உண்டாகலாம், உறவு உண்டாவதில்லை.

முதலில் வரையறைகள். திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் தென்னிந்தியத் திருச்சபைக்காரர்களின் வழக்கப்படி குருவானவர் ‘ஐயர்’, அவர் மனைவி ‘ஐயரம்மா’, அவர்கள் குடியிருக்கும் வீடு குருமனை. வீடு சேகரத்துக்கு, அதாவது அவர் பொறுப்பிலுள்ள சபைகளுக்கு, சொந்தம். ஐயருக்குச் சொந்தம் கட்டில், பீரோ, புத்தகப் பெட்டிகள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுதல் உத்தரவு வரும், அதன் பின்னால் லாரி வரும். முந்தைய ஐயர் நட்ட முருங்கையில் இவர் காய் பறிப்பார். இவர் நட்ட மாங்கன்று காய்க்கும்போது சாப்பிடப் போகிறவர் அடுத்தவர். இப்படி யாருக்கும் முழுச் சொந்தமில்லாத வீடு என்பதால் அதன் கேட்டைத் திறக்க ஊரில் ஒருவரும் தயங்குவதில்லை. ‘அந்நியர்’ என்பவர், ‘எந்த ஊரு?’, ‘யாரு வீடு?’ என்ற இரண்டு கேள்விகளைக் கேட்ட பிறகும் ஒன்றுவிட்ட சித்தப்பா முறைகூட அகப்படாத ஆள். அந்தச் சீமையில் அப்படிப்பட்டவர் அபூர்வம் என்பதால் இவ்வாய்வுக்கு மாதிரிகள் கிடைப்பது கடினம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அளவுகோலாக இட்லியைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. தோசை என்றால் ஐயரம்மா அடுப்பை அணைத்துவிட்டு மாவை எடுத்து வைத்துவிடுவார். பழைய சோறு ஏற்கெனவே ஆறியது, அதற்கு இனி இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஈடு இறக்கியபின் திரும்ப ஏற்ற முடியாமல், ஆள் இருக்கும்போது எடுத்துச் சாப்பிடவும் முடியாமல் கிடப்பது இட்லிதான்.

கொள்கை செயல்படும் விதத்தைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். இரவு எட்டேகால் மணி. பள்ளிக்கூட வேலை முடித்து வந்து, திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்களை ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு ஐயரம்மா இரண்டாவது ஈட்டை இறக்கியிருக்கிறார். பிள்ளைகள் தட்டை எடுத்தாயிற்று. கேட்டின் கொண்டி சத்தம் கேட்கிறது. “ஐயர் இருக்காங்களா?” உள்ளே ஒரு தட்டு கவிழ்கிறது; வெளியே ஒரு நாற்காலி நகர்கிறது. வந்தவர், “சும்மாதான் வந்தேன் ஐயா, பாத்துட்டுப் போலாம்னு” என்கிறார். இந்த வாக்கியத்தை நம்பிய ஐயர் எந்தச் சேகரத்திலும் நீடித்ததில்லை. மழை இல்லாதது, பஸ் வராதது, முன்பிருந்த ஐயரின் அருமை பெருமைகள் என்று பேச்சு போகும். பிறகு வந்தவர் எழுந்து, விடைபெற்று, கேட் வரை நடந்து, கொண்டியில் கை வைத்தபடி திரும்புவார். “இன்னொரு விஷயம் ஐயா.” மகன் பேசாமலிருப்பது, மருமகன் குடிப்பது, ஆஸ்பத்திரியில் எடுத்த சோதனையின் முடிவு எல்லாம் கொண்டியில் கை வைத்த பிறகே வெளிவரும். நாற்காலியில் பேசியது முகவுரை. கேட்டருகே பேசுவதுதான் நூல். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் இட்லி ஆறுகிறது.

இதற்கு இயற்பியல் ஆதாரமும் இருக்கிறது. சூடான பொருள் ஆறும் வேகம், சுற்றுப்புறத்தைவிட அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது என்பதை நியூட்டன் 1701-இல் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் தம் பெயரைப் போடாமலே வெளியிட்டார். அதாவது, இட்லி முதல் கால் மணி நேரத்தில்தான் வேகமாக ஆறும். அதன்பின் மெதுவாக ஆறும். குருமனையில் இதன் விளைவு பெரிது. முதல் கால் மணி நேரத்தில் ஐயரின் காது உள்ளே இருக்கிறது. நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறார். அது கடந்துவிட்டால், இனி ஆறுவதற்கு ஒன்றுமில்லை என்ற விடுதலை பிறக்கிறது. அவர் சாய்ந்து உட்காருகிறார். வந்தவருக்கு அது தெரிந்துவிடுகிறது. தன்னை அனுப்பிவைக்க இந்த வீட்டில் யாரும் அவசரப்படவில்லை என்று புரிந்தபின்தான் மனிதன் உண்மையைப் பேசத் தொடங்குகிறான்.

வேத ஆதாரத்துக்கு வருவோம். தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், சபையை மேய்க்க வருகிறவனுக்கு வேண்டிய தகுதிகளைப் பட்டியலிடுகிறது. இரண்டாம் வசனத்தில், தெரியாதவர்களை உபசரிக்கும் குணம் முதலில் வருகிறது. போதிக்கும் திறமை அதற்கு அடுத்துத்தான். இறையியல் கல்லூரிகள் இரண்டாவதைக் கற்றுக்கொடுத்துப் பட்டம் தருகின்றன. முதலாவதற்குப் பாடத்திட்டம் குருமனைச் சமையற்கட்டில்தான் இருக்கிறது. திருக்குறளும் இதற்கு ஒத்துவருகிறது: விருந்தோம்பல் அதிகாரத்தை இல்லறவியலில் வைத்திருக்கிறார்களே தவிர, துறவறவியலில் வைக்கவில்லை. அடுப்பு இல்லாதவன் அறிவுரை சொல்லலாம், ஆறவைக்க அவனிடம் இட்லி ஏது? ஆதியாகமம் 18-ஆம் அதிகாரம் இன்னும் வலுவான சான்று. உச்சி வெயிலில் கூடார வாசலில் உட்கார்ந்திருந்த ஆபிரகாம், முன்பின் தெரியாத மூன்று பேரைக் கண்டு ஓடுகிறார். வந்தவர்களிடம் அவர் சொன்னது கொஞ்சம் அப்பம். உள்ளே சாராளுக்குப் போன உத்தரவு மூன்று படி மா. வாசலில் வாக்களிக்கப்படும் அளவுக்கும் சமையற்கட்டில் பிசையப்படும் அளவுக்கும் உள்ள இந்த வித்தியாசம் இன்றுவரை எந்தக் குருமனையிலும் சரிசெய்யப்படவில்லை. வந்தவர்கள் தாங்கள் வந்த காரியத்தை எப்போது சொன்னார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும்: சாப்பிட்டு முடித்த பிறகு.

மேலைநாட்டுக் குருமனைகளும் இதையே காட்டுகின்றன. 1525-இல் மார்ட்டின் லூத்தர் கத்தரீனா வான் போராவை மணந்து, விட்டன்பர்க்கில் தாம் முன்பு துறவியாக இருந்த மடத்திலேயே குடித்தனம் தொடங்கினார். கத்தரீனா பீர் வடித்தார், தோட்டம் போட்டார், மாடு கன்று வளர்த்தார், மாணவர்களுக்குத் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்து வரவு செலவைச் சரிக்கட்டினார். அந்த மேசையில் லூத்தர் பேசியதை மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். அவர் இறந்து 20 ஆண்டு கழித்து, 1566-இல் அது பெரிய புத்தகமாக வந்தது. சாப்பிட வேண்டியவர் பேசிக்கொண்டும், சாப்பிட வந்தவர்கள் எழுதிக்கொண்டும் இருந்த மேசையில் சூப்பின் நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் எப்வொர்த் குருமனையில் சாட்சியம் இன்னும் தெளிவு. 1712-ஐ ஒட்டிய குளிர்காலத்தில் சாமுவேல் வெஸ்லி லண்டனுக்குப் போயிருந்தபோது, அவர் மனைவி சூசன்னா ஞாயிறு மாலைகளில் சமையற்கட்டில் தம் பிள்ளைகளுக்காகக் குடும்ப ஜெபம் நடத்தினார். பக்கத்து வீட்டார் வந்தார்கள், அவர்களைக் கேட்டு மற்றவர்கள் வந்தார்கள், கூட்டம் 200 பேரைத் தாண்டியது. துணைக்குரு கணவருக்குப் புகார் எழுதினார். ஆலயத்தில் சேராத கூட்டம் அடுக்களையில் சேர்ந்ததுதான் அவருக்கு உறுத்தல் என்று கருத இடமுண்டு. அந்த அடுக்களையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளில் ஒருவர் எட்டு வயது ஜான் வெஸ்லி. பிற்காலத்தில் அவர் திறந்தவெளியில் முன்பின் தெரியாதவர்களிடையே நின்று பேசி மெதடிஸ்டு இயக்கத்தைக் கட்டினார்.

நம் ஊர்ச் சான்று வெள்ளாளன்விளையிலிருந்து வருகிறது. அங்கே கிராமக் குருவானவர் ஒருவரின் மகனாக 1874-இல் பிறந்த வேதநாயகம் அசரியா, 1912-இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் பேச அழைக்கப்பட்டபோது அவர் பணமோ பள்ளியோ கேட்கவில்லை. மேலைநாட்டு மிஷனரிகள் செய்த தியாகத்தையெல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, இந்தியர்களுக்கு நண்பர்களாக வாருங்கள் என்றார். அவையில் பலருக்கு அது சுருக்கென்று தைத்தது. மிஷனரி பங்களாவுக்கு வருபவரைத் திண்ணையோடு அனுப்பிவிட்டு, உள்ளே நேரம் தவறாமல் சாப்பிடும் வழக்கத்தில் எத்தனை தியாகம் செய்தாலும் நட்பு வராது என்பது குருமனைப் பிள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்? அந்தப் பேச்சை இக்கொள்கையின் முதல் பொது அறிவிப்பாகக் கொள்வதில் தவறில்லை.

இனி மறுப்புகள். பிரசங்கத்தால்தான் ஆட்கள் வருகிறார்கள் என்பர் சிலர். வருகிறார்கள்தான்; ஆனால் பிரசங்கம் கேட்டவர் பின்வரிசையில் உட்கார்ந்து, முடிந்ததும் வீட்டுக்குப் போகிறார். தன் கதையைச் சொல்ல அங்கே அவருக்கு முறை வருவதில்லை. அந்நியர்கள் காரியத்துக்காகத்தானே வருகிறார்கள் என்பது அடுத்த மறுப்பு. ஞானஸ்நானச் சான்று, கல்யாண ஓலை வாசிக்க விண்ணப்பம், பள்ளியில் இடம் கேட்டு ஒரு கடிதம் என்று தேவையோடு வருகிறவர்களே அதிகம் என்பது உண்மை. சிபாரிசுக்கு மதம் இல்லை என்பதால் கோயிலுக்கே வராத பக்கத்துத் தெருக்காரரும் இந்த வரிசையில் நிற்பார். நாகர்கோவில் போகும் வழியில் பர்சைத் தொலைத்தவர்களும் வருவார்கள். ஒரே பர்சை மூன்று சேகரங்களில் தொலைத்தவர்களும் உண்டு. ஆனால் காரியமில்லாமல் யாரும் எந்த வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை. காரியம் முடிந்தபின் எழுந்து போகிறாரா, இல்லை கொண்டியில் கை வைத்துத் திரும்புகிறாரா என்பதுதான் சோதனை. பர்சைத் தொலைத்தவர் ஒருபோதும் திரும்புவதில்லை. பஸ் சார்ஜ் கைக்கு வந்ததும் அவருக்கு அவசரம் வந்துவிடும். ஆகவே ஏமாற்றுக்காரரைக் கண்டறியவும் இக்கொள்கை உதவுகிறது: அவர் வந்துபோன இரவில் இட்லி சூடாகவே இருக்கும்.

ஹாட் பாக்ஸ் வந்தபின் இக்கொள்கை காலாவதியாகிவிட்டது என்போருக்கு ஒரு விளக்கம். ஹாட் பாக்ஸில் இட்லி ஆறுவதில்லை, வியர்க்கிறது. மூடியில் கோத்த நீர் சொட்டி மேல்பாகம் நொதநொதத்துப் போகிறது. இந்த வேறுபாட்டால் கொள்கைக்குப் பாதகமில்லை. அலகை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இன்னொரு மாற்றமும் உண்டு: தென்னிந்தியத் திருச்சபையில் 1976 முதல் பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள். அப்படியானால் தட்டைக் கவிழ்ப்பது யார் என்று கேட்கலாம். பல வீடுகளில், வந்தவரோடு பேசிக்கொண்டிருக்க வேண்டியவரும் இட்லி ஊற்ற வேண்டியவரும் ஒருவரே ஆகிவிட்டார். கொள்கை அப்படியே இருக்கிறது. சுமைதான் ஒரே தோளுக்கு வந்திருக்கிறது.

எளிதில் தள்ளிவிட முடியாத மறுப்பு ஒன்றுண்டு. வந்தவரோடு நட்பு ஐயருக்கு. ஆறிய இட்லி யாருக்கு? குருப்பட்டம் பெற்றவர் ஒருவர்; பட்டம் பெறாமலே ஊழியம் செய்கிறவர்கள் வீட்டிலுள்ள மற்ற எல்லோரும். அப்பா எப்போது உள்ளே வருவார் என்று காத்திருந்து தூங்கிப்போன பிள்ளைக்கு நேர்விகிதமும் நியூட்டனும் ஆறுதல் தரமாட்டார்கள். இதற்கும் தீமோத்தேயு நிருபத்தின் அதே அதிகாரத்தில் விடை இருக்கிறது: அந்நியரை உபசரிக்கச் சொன்ன இடத்திலிருந்து மூன்று வசனம் தள்ளி, தன் வீட்டைக் கவனிக்கத் தெரியாதவன் சபையை எப்படிக் கவனிப்பான் என்ற கேள்வி வருகிறது. ஆகவே கொள்கைக்கு ஒரு மேல்வரம்பு போட்டாக வேண்டும். இட்லி ஆறுவது வரை அது விருந்தோம்பல். மறுநாள் காலையில் அதை உதிர்த்து உப்புமாவாகத் தாளிக்கும் நிலை வாரத்தில் பல நாள் வந்தால் அது குடும்பத்துக்குச் செய்யும் அநியாயம்.

இந்த ஆய்வின் முடிவை ஒட்டி இரண்டு பரிந்துரைகள். சேகரக் கமிட்டியார் வாரத்தில் ஒரு மாலை குருமனைக் கேட்டைத் தட்டுவதில்லை என்று தீர்மானம் போட்டு, அதைத் தாங்களே முதலில் கடைப்பிடிக்க வேண்டும். வாசகர்களுக்கு: குருமனைக்குக் கட்டாயம் போங்கள், அந்த வீடு அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஏழு மணிக்கே போங்கள். சொல்ல வந்ததை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே சொல்லிவிடுங்கள். புறப்படும்போது உள்ளே இருப்பவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு புறப்படுங்கள். எல்லோரும் அப்படிச் செய்து, அதனால் இந்தக் கொள்கை பொய்த்துப்போனால் ஆய்வாளருக்கு வருத்தமில்லை.