ஐந்து பிளேடுப் பெருமக்களுக்கு, அரைப் பிளேடுக்காரன் எழுதுவது

ஆண்களின் கன்னத்தைக் காக்கவே அவதாரம் எடுத்த ரேசர் கம்பெனிகளின் மேலிடத்துக்கு, சங்கரன்கோவிலிலிருந்து தாடி முளைக்கும் சாமானியன் ஒருவனின் பணிவான விண்ணப்பம். உறைமேல் கம்பெனிப் பெயர் எழுதவில்லை. உங்களில் யார் பிரித்துப் படித்தாலும் அது அவருக்குத்தான்.

முதலில் நன்றி. போன வாரம் எங்கள் ஊர்ப் பெரிய கடை ஒன்றில் உங்கள் கார்ட்ரிஜ் பாக்கெட் வாங்கப் போனேன். அது கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. முந்திரிப் பருப்பு வெளியில் சும்மா கிடந்தது. அதற்குக் காவல் இல்லை. சாவியோடு வந்த பெண் பாக்கெட்டை என் கையில் தரவே இல்லை. தானே ஏந்திக்கொண்டு பில் போடும் இடம்வரை கூடவே நடந்து வந்தாள். மாப்பிள்ளை அழைப்புக்குப் பிறகு என்னை யாரும் இத்தனை மரியாதையாக அழைத்துப் போனதில்லை. காசைக் கட்டிவிட்டு வாசலைத் தாண்டினேன், கதவோரம் இருந்த கருவி கத்த ஆரம்பித்தது. பாக்கெட்டில் ஒட்டியிருந்த வில்லையை எடுக்க மறந்துவிட்டார்களாம். காவலாளி பையைக் கவிழ்த்துக் கொட்டினார். பில்லைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடி பில்லைப் பார்த்தார். உள்ளே வந்துகொண்டிருந்த பக்கத்துத் தெருக்காரர், "அண்ணாச்சி, நீங்களா?" என்றார். அந்த 'நீங்களா'வின் எரிச்சலுக்கு உங்கள் ஆஃப்டர்ஷேவில் மருந்து இருந்தால் தெரிவிக்கவும்.

பஸ் ஸ்டாண்டில் பாக்கெட் அடிக்கிறவனும் பிளேடுதான் வைத்திருக்கிறான். அரைப் பிளேடு, விரல் இடுக்கில். அவனிடம் பறிகொடுத்தவனை நாலு பேர் உட்காரவைத்துச் சோடா வாங்கிக் கொடுப்பார்கள். உங்களிடம் பறிகொடுத்தவனைத்தான் சோதனை போடுகிறார்கள்.

அரைப் பிளேடு என்றதும் முகம் சுளிக்காதீர்கள். எங்கள் ஊர் சலூனிலும் அதுதான். காகித உறையோடு சேர்த்து பிளேடை இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைக் கத்தியில் சொருகி எனக்கு. மறுபாதி எனக்கு அடுத்து உட்காருகிறவருக்கு. ஒரு பிளேடில் இரண்டு முகம் பளிச்சென்று ஆகிவிடுகிறது. பஸ் ஸ்டாண்டுக்காரனுக்கு அரை போதும், சலூன்காரருக்கு அரை போதும். உங்களுக்கு மட்டும் ஐந்து வேண்டியிருக்கிறது.

உங்கள் குல வரலாற்றை வணக்கத்தோடு படித்தேன். குலமுதல்வர் கிங் கேம்ப் ஜில்லெட். போட்டிதான் தீமைக்கெல்லாம் வேர், உலகத்துக்கே ஒரே கம்பெனி போதும் என்று 1894இல் புத்தகம் போட்ட மகான். பிறகு, ஒருமுறை வாங்கி எறிந்துவிட்டு மறுபடி வாங்க வைக்கும் பொருளைத் தேடி பிளேடைக் கண்டடைந்தார். 1903இல் விற்றது 51 ரேசர், 168 பிளேடு. மறு ஆண்டு தொண்ணூறாயிரத்துக்கும் மேல் ரேசர். காப்புரிமையும் அதே 1904இல். அதன்பின் 1971இல் இரண்டு பிளேடு, 1998இல் மூன்று, 2003இல் போட்டிக் கம்பெனி நான்கு போட, 2006இல் ஐந்து. கொரியாக்காரர்கள் ஏழுக்குப் போய்விட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்காரன் இன்னும் அரையிலேயே நிற்கிறான், பாவம், அவனுக்கு ஆராய்ச்சிப் பிரிவு கிடையாது.

உங்கள் ஆராய்ச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2002 வாக்கில் இந்தியர்களுக்கென்று ஒரு ரேசர் செய்து, அதை அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தது ஜில்லெட். பிரமாதம் என்றார்கள். இங்கே வந்ததும் முடி அடைத்துக்கொண்டது. காரணம், அங்கே குழாயில் தண்ணீர் கொட்டுகிறது. இங்கே ஒரு குவளைத் தண்ணீரில் முழுச் சவரமும் முடிகிறது. சங்கரன்கோவிலுக்கு ஒரு தபால் அட்டை போட்டிருந்தால், எங்கள் தெருவில் தண்ணீர் எப்போது வரும் என்பதையும் சேர்த்தே எழுதியிருப்போம். அப்புறம் வீடு வீடாக வந்து உட்கார்ந்து பார்த்து 2010இல் இறக்கினார்களே, 15 ரூபாய் ரேசர், 5 ரூபாய் கார்ட்ரிஜ், அதில் எத்தனை பிளேடு? ஒன்று. அவ்வளவு பெரிய ஆராய்ச்சியின் முடிவு எங்கள் தாத்தாவின் செட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

பல பிளேடின் சூட்சுமத்தையும் விசாரித்தேன். முதல் பிளேடு முடியைப் பிடித்து இழுக்கும், அது உள்ளே திரும்புமுன் அடுத்தது வெட்டும். வெட்டுப்பட்ட நுனி தோலுக்குக் கீழே போய்விடும். சுருள் முடிக்காரனுக்கு அந்த நுனி உள்ளேயே வளர்ந்து கொப்புளமாக வெளியே வரும். கொப்புளத்துக்கு ஜெல், ஜெல்லுக்கு மேலே லோஷன், எல்லாம் உங்களிடமே. சட்டைப்பையை அறுத்துவிட்டு ஊசி நூலும் விற்க பஸ் ஸ்டாண்டுக்காரனுக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

பிளேடு சீக்கிரம் மொன்னையாவதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். எஃகைவிட ஐம்பது மடங்கு மென்மையான முடிதான் அதன் விளிம்பைச் சிதைக்கிறது என்று 2020இல் கண்டுபிடித்தார்கள், அதே எம்.ஐ.டி.யில். ஆக மொன்னையாவது இயற்கை. மொன்னையானதும் இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்து ஐந்து பிளேடு மாற்று வாங்க வேண்டியிருப்பதுதான் உங்கள் படைப்பு. இரண்டு மூன்று ரூபாய்க்குக் கிடைக்கிற டோபாஸ் பிளேடும் அதே முடியில்தான் மொன்னையாகிறது.

விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த எங்கள் ஊர்ப் பையன்கள் சென்னைக்கு ஓட்டல் வேலைக்கும் செக்யூரிட்டி வேலைக்கும் போகிறார்கள். தினமும் கிளீன் ஷேவ். தாடி முளைத்திருந்தால் சம்பளத்தில் பிடித்தம். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு அறைக்குத் திரும்புகிறவன், மறுநாள் நிற்பதற்காக உங்களுக்குக் கப்பம் கட்ட வேண்டும். கைப்பிடியைக் கிட்டத்தட்ட சும்மா கொடுப்பீர்கள். அப்புறம் வேறெந்த பிளேடும் அதில் பொருந்தாதபடி கொண்டியை மாற்றி வைப்பீர்கள். நாளடைவில் சில மாடலையே நிறுத்திவிடுவீர்கள். இதற்குத் தொழில்நுட்பம் என்று பெயர் வைக்க வெட்கமாக இல்லையா? இல்லாதவன் முகத்தில் முளைப்பதில் வட்டி வாங்குகிற வேலை இது.

பெருமக்கள் மன்னிக்க வேண்டும். கை கொஞ்சம் அழுத்திவிட்டது. உங்கள் ரேசர் என்றால் அதற்கும் ஒரு ரப்பர் பட்டை வைத்திருப்பீர்கள்.

எனவே கன்னத்தைப் பொறுத்தவரை நான் வீட்டோடு ஒதுங்கிவிட்டேன். நாட்டு மருந்துக் கடையில் ஒரு கட்டி படிகாரம்; நனைத்துத் தேய்த்தால் ரத்தமும் நிற்கும், எரிச்சலும் அடங்கும், லேசில் தீராது. பரணிலிருந்து தாத்தாவின் பித்தளைச் செட்டை இறக்கிப் புளி போட்டுத் தேய்த்தாயிற்று. எந்தக் கடை பிளேடும் அதில் உட்காருகிறது. கொண்டியும் இல்லை, காவலாளியும் இல்லை. சவரத்துக்கு முன் தேங்காய் எண்ணெய். நுரைக்குக் குளிக்கிற சோப்பும் பிரஷும். ஷேவிங் கிரீமுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆயிற்று. எங்கள் சட்டைப்பைக்குள் இருந்த கையைக் கவர்மெண்டே கொஞ்சம் வெளியே இழுத்துக்கொண்டது. உங்கள் கை இன்னும் முழங்கைவரை உள்ளே.

முடி வெட்ட மட்டும் சலூனுக்குத்தான் போகிறேன். ட்ரிம்மர் வாங்கி நாமே வெட்டிக்கொள்ளலாமே என்று மைத்துனன் சொல்கிறான். 2020 ஊரடங்கில் கடைகளை மூடவைத்து, திறந்த பிறகும் முடி வெட்ட வருகிறவரிடம் ஆதார் விவரம் வாங்கி எழுது என்று உத்தரவு போட்டார்களே, அதையெல்லாம் தாண்டிக் கடையை நிமிர்த்தியவர் எங்கள் சலூன்காரர். அவருக்குக் கொடுக்கிற காசு மதியத்துக்குள் எங்கள் ஊர்ச் சந்தையில் கத்தரிக்காயாகிவிடும். உங்களிடம் வருகிற காசு எந்த ஊருக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. உங்கள் உண்மையான எதிரி நான் இல்லை. கார்த்திகையில் மாலை போடுகிற சாமிகள் 41 நாளுக்கு உங்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அது முடிந்தால் பழனி. 2021 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது. ஆண்களுக்கென்று கவர்மெண்டு கொடுக்கிற ஒரே அழகுக்கலைத் திட்டம் அதுதான் என்று நினைக்கிறேன். பெண்களும் குழந்தைகளும் பங்குக்கு வந்துவிட்டார்கள். ஐயப்பனையும் முருகனையும் எதிர்த்து நீங்கள் எட்டாவது பிளேடு போட்டாலும் செல்லாது.

என் கோரிக்கை சிறியது. விலையைக் குறையுங்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த மாட்டேன். எல்லா ரேசரிலும் எல்லா பிளேடும் பொருந்தும்படி ஒரே கொண்டி வையுங்கள். செல்போன் சார்ஜருக்கு ஒரே முனை வைக்க உலகத்தால் முடிந்திருக்கிறது. உலகத்துக்கே ஒரே கம்பெனி போதும் என்றார் உங்கள் குலமுதல்வர். நான் ஒரே கொண்டிதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
பில்லைப் பத்திரமாக வைத்திருக்கும்,
சங்கரன்கோவில் அரைப் பிளேடுக்காரன்

பின்குறிப்பு: எங்கள் சங்கரநாராயண சுவாமி கோயிலில் புற்றுமண் பிரசாதம் உண்டு. தோல் வியாதிக்கு நல்லது என்று பூசிக்கொள்வார்கள். சவரம் செய்த கன்னத்தில் நானும் லேசாகப் பூசுகிறேன். இதை உங்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டாம். காயத்துக்கு மஞ்சள் போடுவதற்கே 1995இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள்; 1997இல் அதை ரத்துசெய்ய வைக்க நம் விஞ்ஞானிகள் படாதபாடு பட்டார்கள். எங்கள் கோயில் கோமதி அம்மனை வக்கீல் வைக்க விட்டுவிடாதீர்கள்.