கருத்தும் கழுத்தும்

வாடா பேராண்டி, உக்காரு. ரெண்டு நாளா ஓட்டல்ல ரூம் போட்டு, டீமோட உக்காந்து மிஷன் ஸ்டேட்மெண்ட் எழுதுனீங்களாமே? எனக்கு மிஷன்னா மதுரை மிஷன் ஆஸ்பத்திரிதான்டா தெரியும். சரி, வாசி, கேப்போம்.

"உலகத் தரம், புதுமை, நேர்மை, வாடிக்கையாளர் மகிழ்ச்சி..." அடேயப்பா! கலப்பட எண்ணெய் விக்கிறவன்கூட இதுல ஒரு சொல்லை வேணாம்பானா? பன்னெண்டு பேரும் யாரு மனசும் கோணாம ஆளுக்கொரு வார்த்தை போட்டிருக்காய்ங்க. மொய் நோட்டு மாதிரி இருக்கு ராசா. பேரு வரிசையா இருக்கு, என்ன விசேஷம்னுதான் தெரியல.

உன் அப்பத்தாவுக்குக் கண்ணுல புரை விழுந்தப்ப நானும் ஒரு வாசகம் கேள்விப்பட்டேன். அரவிந்த் கண் ஆஸ்பத்திரியோடது. தேவையில்லாத பார்வையிழப்பை ஒழிக்கணும். அம்புட்டுத்தான். அந்தத் 'தேவையில்லாத'ங்கிற சொல்லைக் கவனி. அதான்டா வரப்பு. எல்லாக் கண்ணையும் திறந்துருவோம்னு அவங்க சவடால் விடல. புரையை எடுத்தா பார்வை வந்துரும், ஆனா கையில காசில்ல, கூட்டிப்போக ஆளில்ல, அதனால இருட்டுல கிடக்கான் பாரு, அவன் அப்படிக் கிடக்க வேணாம்னாங்க. நம்ம சமயநல்லூர் வயக்காட்டுல வரப்பு இல்லைன்னா தண்ணி பாய்ச்சுறவன் எங்கிட்டுடா மடையைத் திருப்புவான்?

டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசாங்க வேலையில இருந்து ரிட்டயராகி, 1976-ல, 58 வயசுல, 11 படுக்கையோட அந்த ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாரு. முடக்குவாதத்துல விரல் கோணிப்போன கையாலயே ஆபரேஷன் பண்ணுன மனுசன். டீம் யாருங்கிற? கூடப்பிறந்தவங்க, அவங்களைக் கட்டுனவங்க. காசு பத்தாதப்ப வீட்டு நகை அடகுக்குப் போச்சு. உன் டீம் கருத்தைக் குடுத்துச்சு. அவரு டீம் கழுத்துல கிடந்ததைக் குடுத்துச்சு.

அந்தத் 'தேவையில்லாத'ங்கிற ஒத்தைச் சொல்லு சொவத்துல தொங்கிக்கிட்டு சும்மா இருக்கல. இருக்கப்பட்டவன் கட்டுற காசுல இல்லாதவனுக்கும் ஆபரேஷன் நடத்துச்சு. ஊருக்குள்ள முகாம் போட்டு, வண்டியில ஏத்திட்டுப் போயி, சோறும் போட்டு, திரும்பக் கொண்டாந்து விட்டுச்சு. கிராமத்துப் பொண்ணுகளைக் கூப்பிட்டு, கண்ணு வேலை பழக்கிச் சம்பளமும் குடுத்துச்சு. வெளிநாட்டு லென்ஸ் வெலை ஏழைக்கு எட்டலையா? 1992-ல ஆரோலேப்னு ஒண்ணைத் தொடங்கி இங்கிட்டே செய்ய வச்சுச்சு.

உன் வாசகம் என்னத்தைச் செய்யும்? ஓட்டல் பில்லைக் கட்டும்.

மூஞ்சியைத் தூக்காதடா. சட்டம் போட்டு மாட்ட ஆணி அடிச்சாச்சா? நல்லது. மாட்டுறதுக்கு முந்தி, உங்க கேட்டுல நிக்கிற செக்யூரிட்டிக்கு அதை ஒருவாட்டி வாசிச்சுக் காட்டு. "சரி தம்பி, நாளைலருந்து நான் என்னத்தை மாத்திச் செய்யணும்?"னு கேப்பாரு. உனக்குப் பதில் வந்துச்சுன்னா மாட்டு. வரலைன்னா, அடிச்ச ஆணி வீணாப் போகாது, ஒரு காலண்டரைத் தொங்கவிடு.

அது ராகுகாலமாச்சும் சொல்லும்.