ரத்தம் சிந்தி வளர்த்த உடம்பு

48 வயதில் ஜிம்மில் சேர்ந்தேன். ஆறு மாதமாகியும் அதற்கு ஊரில் ஒரு சாட்சி கிடையாது. சட்டை அதே அளவு, தொப்பை அதே இடம். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் பையன்கூட, “நீங்க தள்ளுங்க சார்” என்று என்னை ஓரம்கட்டிவிட்டுத் தானே சமையலறைக்குத் தூக்கிப் போகிறான். சந்தா கட்டிய ரசீதுதான் ஒரே அத்தாட்சி என்றிருந்தபோது, ஒருநாள் காலை வாஷ்பேசினில் அந்தச் சிவப்பைக் கண்டேன்.

துப்பிய நுரையில் ஓர் இழை ரத்தம். வெள்ளைப் பீங்கானில் குங்குமத்தைக் கரைத்துவிட்டதுபோல் சுழன்று ஓட்டையில் இறங்கியது. வேறொருவன் பயந்திருப்பான். எனக்கு மெய்சிலிர்த்தது. முந்தின நாள்தான் டெட்லிஃப்டில் 60 கிலோ! “தம் கட்டுங்கண்ணே, பல்லைக் கடிங்க, தூக்குங்க!” என்று மாஸ்டர் கத்த, மூன்றையும் அதே வரிசையில் செய்திருந்தேன். குழாயைத் திறக்காமல் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“பல்லைக் கடிச்சா ரத்தம் வருமா? நான் 20 வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் குடித்தனம் பண்றேன், எனக்கு வரலையே. பேசினைக் கழுவிட்டு வாங்க, தோசை ஆறுது” என்றாள்.

ஜிம்மில்தான் என் ரத்தத்துக்கு மரியாதை கிடைத்தது. “பிரஷர்ண்ணே” என்றான் ஒரு தம்பி. தேடிப் பார்த்தேன். கனடாவில் ஐந்து பாடிபில்டர்களின் கை ரத்தக்குழாயில் கருவியைச் செருகி, கனமான லெக் பிரஸ் செய்யும்போது அளந்திருக்கிறார்கள். 1985இல் வெளியான அந்த ஆய்வில் ரத்த அழுத்தம் சராசரியாக 320க்கு 250. எனக்கு 150 வந்தாலே வீட்டில் ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிடுவார்கள். மச்சினன் வேறு கட்சி. “வெறும் கோழியும் முட்டையும் தின்னா வைட்டமின் சி ஏது மாமா? கப்பல்காரங்களுக்கு ஈறு அழுகினப்போ, 1747இல் ஜேம்ஸ் லிண்ட்னு ஒரு டாக்டர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துத்தான் தேத்தினார்” என்றான். தினமும் எலுமிச்சை ரசம் குடிக்கிறவனைக் கப்பலேற்றிவிட்டான். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவார்கள் என்பார்கள். நாங்கள் ஈறையே நேராகப் பெருமாளாக்கிவிட்டோம்.

சிகிச்சையை நானே முடிவு செய்தேன். தசை வலித்தால் ஓய்வு கொடு என்பது ஜிம் சாஸ்திரம். ஈறும் சதைதானே? பிரஷ்ஷுக்கு லீவு விட்டு, விரலில் பேஸ்ட்டைத் தொட்டு ஒப்புக்கு ஓர் இழுப்பு. இரண்டாவது வாரம், கடித்து வைத்த கொய்யாவைப் பார்த்து மகள் கேட்டாள்: “அப்பா, இது சிவப்புக் கொய்யாவா?”

அன்று மாலையே பல் டாக்டர். சின்னப் பெண். சர்க்கரை உண்டா என்றார். பிரஷருக்கு மாத்திரை உண்டா, அம்லோடிபின் போன்றவை சிலருக்கு ஈறைத் தடிக்கவைக்கும் என்றார். “ஜிம் போறீங்களா? ஸ்டீராய்டு ஊசியும் ஈறை வீங்க வைக்கும், அந்த மாதிரி ஏதாவது...” என்று ஆரம்பித்தவர், என் புஜத்தைப் பார்த்தார். கேள்வியை முடிக்காமலே அடுத்த வரிக்குப் போய்விட்டார்.

பிறகு கண்ணாடியைக் காட்டினார். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறம், போர் தண்ணீர் வாளியில் உப்புப் படிவதுபோல் மஞ்சள் காரை. “எச்சில் சுரப்பியோட வாய் பக்கத்துலயே இருக்கு, அதான் இங்க சீக்கிரம் கட்டும். வெயிட் தூக்கி ஈறு புண்ணாகாது சார். புண்ணான ஈறு, தம் கட்டும்போது கொஞ்சம் கூடுதலாக் கசியலாம், அவ்வளவுதான். பல்லைக் கடிச்சா பல்லுதான் தேயும்.”

ஓய்வுச் சிகிச்சையைச் சொன்னேன். சிரிப்பை மாஸ்க் மறைத்தது, கண் மறைக்கவில்லை. 1965இல் ஹரால்டு லோ என்பவர் 12 பேரைப் பல் தேய்க்கவே விடாமல் வைத்துப் பார்த்தாராம். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி தேய்த்ததும் சுமார் ஒரு வாரத்தில் சரியாயிற்று. அவர் 12 பேரை வைத்து நிரூபித்ததை, நான் ஒற்றை ஆளாக ஒரு கொய்யாவை வைத்து நிரூபித்திருக்கிறேன்.

“எவ்வளவு நேரம் தேய்ப்பீங்க?”

ஜிம்மில் இரண்டு செட்டுக்கு நடுவே போனைப் பார்த்துக்கொண்டு உட்காரவே 2 நிமிடம். பல்லுக்கு அதில் கால்வாசி. ராத்திரியில் அதுவும் இல்லை. பிரஷ்ஷோ வெடித்த இலவங்காய். எதையும் சொல்லாமல் வாயைத் திறந்தே வைத்திருந்தேன்.

காரையைச் சுரண்டி எடுத்தார்கள். இப்போது மென்மையான பிரஷ், ஈறோரமாகச் சாய்த்துப் பிடித்து, இரண்டு வேளையும் இரண்டு நிமிடம். பழக்க தோஷம், செட் கணக்கில்தான் தேய்க்கிறேன். “மேல் வெளிப்புறம் பத்து... மேல் உட்புறம் பத்து...” “மாஸ்டரை வீட்டுக்கே கூப்பிட்டுக்கங்களேன்” என்கிறாள் மனைவி. பத்தே நாளில் நுரை வெள்ளையாகிவிட்டது. எனக்குத்தான் லேசாக வருத்தம். இருந்த ஒரே சாட்சியும் போயிற்றே.

போன வாரம் சிலிண்டர் வந்தது. நான் குனிந்தேன். “நீங்க தள்ளுங்க சார்” என்றான். அசடு வழியச் சிரித்தேன். பையன் ஒரு நிமிஷம் நின்று பார்த்தான்.

“சார், பல்லு பளிச்சுனு இருக்கே. என்ன பேஸ்ட்?”

“ஜிம்” என்றேன்.