மிச்ச எட்டு நிமிடம்

1993 இல் வெள்ளவத்தையில் ஒரு பாட்டின் நீளத்தைத் தீர்மானித்தவர், ரொக்சி தியேட்டர்ப் பக்கம் றெக்கோடிங் பார் வைத்திருந்த அண்ணை. ரீடீகே டி-60 கசெற் ஒன்றை நீட்டினால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். அதற்குள் அடங்கினால் முழுப் பாட்டு. அடங்காவிட்டால் அடங்கிய மட்டும். இடம் மிஞ்சினாலும் அவர் சும்மா விடமாட்டார். “காசு குடுத்து வாங்கின ரேப்பை வெறுமையா ஓட விடுறதோ?” என்று, தன் விருப்பத்துக்கு ஒன்றிரண்டு பாட்டைப் போட்டு நிரப்பித் தருவார். அதற்குக் காசு எடுக்கமாட்டார். ரசனைக்குப் பொறுப்பும் எடுக்கமாட்டார்.

எனக்கு இதுவே பெரிய சொகுசு. யாழ்ப்பாணத்தில் 1990 ஆனியோடு மின்சாரம் போய்விட்டது. பற்றரிக்கும் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்ட தலைமுறை நாங்கள். சுற்றுகிறவன் களைத்தால் எஸ்.பி.பி.க்கும் களைக்கும். அவனுக்கு உசார் வந்தால் ஜானகி ஓட்டமாய் ஓடுவார். கிளாலிக் கடல் தாண்டி, வவுனியா தாண்டி, ஹம்டன் லேனில் நாலு பேர் படுக்கும் அறையில் ஐந்தாவது ஆளாக நான் வந்து சேர்ந்தபோது, சுவரில் ஒரு பிளக் இருந்தது. செருகினால் பாட்டு. கை நோகாமல் பாட்டுக் கேட்பது களவு மாதிரித்தான் முதல் மாதம் இருந்தது.

ரியூசன் வகுப்பில் கொட்டாஞ்சேனைக்காரன் ஒருவன் சிநேகிதமானான். ஜம்பட்டா வீதியில் வீடு. ஞாயிறு காலைப் பூசையில் கிற்றார் வாசிப்பான். மாலையில் அதே கிற்றாரில் த கியூர் குழுவின் பாட்டுகளை வாசிப்பான். கப்பலில் வேலை செய்த அவனுடைய மாமா, துறைமுகத்தில் இறங்கும்போதெல்லாம் நல்ல கசெற்றுகளைக் கொண்டுவருவார். லண்டனுக்குத் தெற்கே குரோலி என்ற ஊர்ப் பெடியங்கள் தொடங்கிய குழு, 1979 இல் முதல் அல்பம், ஒல்ரர்நேற்றிவ் றொக் என்று சொல்வார்கள் என்று எனக்கு வகுப்பெடுத்தது அவன்தான். கசெற் உறையில் பாடகர் றொபேர்ட் ஸ்மித்தைப் பார்த்தேன். காகம் கூடு கட்டிப் பாதியில் விட்டுப்போனது போலத் தலை. இருட்டில் பூசியது போல உதட்டுச் சாயம்.

“கியூர் என்றால் சுகப்படுத்துறது எல்லோ?” என்று அவனுடைய அம்மா ஒருநாள் கேட்டார். நான் அவரை அன்ரி என்றுதான் கூப்பிடுவேன். “இதைக் கேட்டா சுகமா இருக்கிறவனுக்கும் காய்ச்சல் வரும் போல இருக்கே.”

நான் பதியக் கொடுத்த முதல் கசெற் ‘டிஸின்ரெகிரேஷன்’. 1989 இல் வந்த அல்பம், எழுபது நிமிடத்துக்கு மேல். என்னிடம் இருந்தது டி-60. இரண்டாம் பக்கத்தில் தலைப்புப் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்க, பியானோ ஒரு நிமிடம் மெல்ல நடந்து வரும். பிறகு ‘டக்’. ரேப் முடிந்துவிட்டது. அந்தப் பாட்டின் பெயர் ‘ஹோம்சிக்’, ஊர் நினைப்பு. பாதை பூட்டிய ஊரிலிருந்து வந்தவனுக்கு ஊர் நினைப்பு ஒரு நிமிடம் போதும் என்று அண்ணை தீர்மானித்திருக்கிறார். அதில் பாடல் வரிகள் உண்டு என்பதே எனக்கு நெடுங்காலம் தெரியாது. வெறும் வாத்திய இசை என்றும், கெட்டிக்காரத்தனமாகச் சட்டென்று முடித்திருக்கிறார்கள் என்றும் அறைக்காரருக்கு விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது கசெற்றில் வந்தது 1982 இன் ‘போர்னோகிராஃபி’. பெயரைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். அவர்கள் செய்தவற்றில் கடும் இருட்டான அல்பம் அது. அண்ணைக்கோ பெயரே போதுமாக இருந்தது. லேபிளில் அதை எழுத மறுத்து, ‘ஆங்கிலம் - 8 பாட்டு’ என்று எழுதித் தந்தார். நாற்பத்துமூன்று நிமிடம். பக்கத்துக்கு எட்டு நிமிடம் போல மிச்சம். ஒரு பக்கத்தின் மிச்சத்தில் நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’. மறுபக்கத்தில், உலகமே அழிந்து புகை அடங்கிய அந்த நொடியில், ஏ.ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’.

முதல் முறை கேட்டபோது நண்பன் தலையில் கை வைத்தான். அன்ரியோ குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார். அதன் பிறகு நாங்கள் அந்தக் கசெற்றைப் போடும்போதெல்லாம் அவர் பொறுமையாகக் காத்திருப்பார். அரிசி புடைத்துக்கொண்டே, “பேய்ப் பாட்டு முடிஞ்சுதா? அந்தக் கடைசிப் பாட்டைப் போடு” என்பார்.

அந்தக் கடைசிப் பாட்டு எங்களுக்கு ஒருமுறை பிணையும் எடுத்திருக்கிறது. ஓர் இரவு புறக்கோட்டைக்கு வரும் வழியில் சிப்பாய்கள் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கினார்கள். அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, பிறகு வழமையான இரண்டு கேள்விகள்: ஏன் வந்தாய், எப்போது திரும்பிப் போவாய்? பையில் கசெற்றும் வோக்மனும் அகப்பட்டன. “இங்கிரிசி சிந்து” என்றான் நண்பன், தனக்குத் தெரிந்த சிங்களத்தில். இங்கிலிஸ் பாட்டு என்று ஒரு தமிழன் சொன்னால் நம்புவதற்கு அந்தச் சிப்பாய்க்கு ஒரு காரணமும் இல்லை. ஹெட்போனைத் தன் காதில் வைத்து அழுத்தினான். ரேப் நின்றிருந்த இடம் கடைசி மிச்சம். சிங்களமும் தமிழும் கலந்த பாட்டில் சுராங்கனிக்கு அவன் காதுக்குள் மீன் வரத் தொடங்கியது. அவன் முகத்தில் பல் தெரிந்தது. எங்களைப் போகச் சொன்னான். ‘ஒரு நூற்றாண்டு’ என்ற பெயரில் தொடங்கும் அந்த அல்பத்தின் முதற்பாட்டு அவன் காதில் விழுந்திருந்தால், அன்றிரவு எங்கே படுத்திருப்போமோ தெரியாது.

1999 இல் நண்பன் லண்டன் போனான். கிற்றாரை எடுத்துக்கொண்டான், கசெற்றை என்னிடம் விட்டான். 2005 இல் அன்ரி போய்ச் சேர்ந்தபோது அவனுடைய அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். மாதம்பிட்டி மயானத்தில் மண் போட்டது நான்.

இசைக் குழு ஒன்று பல வருடம் கழித்துத் திரும்பி வந்தால் ‘கம்பேக்’ என்பார்கள். வெள்ளவத்தையில் அந்தச் சொல்லுக்கு வேறு அகராதி உண்டு. 2007 ஆனியில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் 370 பேருக்கும் மேல் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். உயர் நீதிமன்றம் தடை போட்டபின் பலர் திரும்பி வந்து, அதே லொட்ஜில் அதே கட்டிலைக் கேட்டு வாங்கினார்கள். இசைக் குழுக்கள் இதில் எங்களுக்குப் புதிதாக ஒன்றும் காட்டிவிட முடியாது.

2008 ஐப்பசி 27 இல், தீபாவளியோடு ஒட்டி, கியூரின் ‘4:13 ட்ரீம்’ வந்தது. அதற்கு முன்னதாகவே நண்பன் யாரோ ஒருவர் கையில் எனக்கு ஓர் ஐபொட் அனுப்பியிருந்தான். பழைய அல்பங்கள் எல்லாம் அதில். மறுநாள் 28 ஆம் திகதி இரவு, களனிதிஸ்ஸ மின்நிலையத்தின் மேல் புலிகளின் விமானம் குண்டு போட, கொழும்பு விளக்கணைத்தது. மொட்டைமாடியில் ஏறி நின்றோம். வானம் முழுக்க வேட்டு வெளிச்சம். தீபாவளி வாணம் மிஞ்சியதாக்கும் என்றார் ஒரு முதியவர், நம்பாமலே. அந்த இருட்டில் நான் காதில் செருகித் தேடிப் போட்டது ‘ஹோம்சிக்’. ஒரு நிமிடம் வந்ததும் ‘டக்’ என்ற சத்தத்துக்கு உடம்பு தானாக ஆயத்தமானது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. பிறகு, பதினைந்து வருடம் பிந்தி, அதற்குள் ஒரு மனிதன் பாடினான்.

அதன் பிறகு குழுதான் காணாமல் போனது. மேடையில் பாடினார்கள், புது அல்பம் மட்டும் இல்லை. 2019 இல் ஸ்மித் வருகிறது என்றார். வரவில்லை. அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த தீபாவளிக்குள் அரசியல் தீர்வு என்று எங்கள் தலைவர்கள் சொல்லிக் கேட்டுப் பழகிய காதுக்கு அது சுருதி பிசகாமல் இருந்தது. பம்பாயின் இன்டஸ் கிரீட் குழுவோ 1995 இல் ஓர் அல்பம் போட்டு, இரண்டு வருடத்தில் கலைந்து, 2012 இல் ‘இவோல்வ்’ உடன் திரும்பி வந்தது. 1993 இல் எம்ரீவியின் ஆசிய ரசிகர் விருது வாங்கிய குழு அது. எம்ரீவி என்றால் மகாராஜா தொலைக்காட்சி என்று நம்பியிருந்த எங்களுக்கு, அந்த விருதைக் கொழும்பில் வைத்துக் கொடுத்தார்களா என்ற சந்தேகம் கொஞ்சக் காலம் இருந்தது. அவர்களே பதினேழு வருடத்தில் வந்துவிட்டார்கள், ஸ்மித்துக்கு என்ன வந்தது என்று நண்பனோடு வட்ஸ்அப்பில் கோபித்திருக்கிறேன்.

2022 பங்குனியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு வந்தபோது, போனில் நாலு வீதம் சார்ஜோடு ஐந்தாம் மாடியில் உட்கார்ந்து டைனமோவை நினைத்தேன். சைக்கிள் இல்லை. இருந்திருந்தாலும், ஆறு மாதத் தவணைப்பணம் பாக்கியிருந்த மாபிள் தரையில் அதைத் தலைகீழாக நிறுத்த மனைவி விட்டிருக்கமாட்டாள்.

கடைசியில் 2024 இல் வந்தது. ஐப்பசி 31 தீபாவளி. கார்த்திகை என்று நாங்கள் சொல்லும் நவம்பர் 1 இல், ‘சோங்ஸ் ஒஃப் எ லொஸ்ற் வேர்ல்ட்’. பதினாறு வருடம் கழித்து. தலைவர்களோடு ஒப்பிட்டால் ஸ்மித் நேர்மையானவர், தீபாவளியை ஒரு நாளால்தான் தவறவிட்டார். பிரித்தானிய அட்டவணையில் அது முதலிடம் போனது. 1992 இன் ‘விஷ்’ஷுக்குப் பிறகு முப்பத்திரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

அல்பம் வந்த அன்றிரவு கிழக்கு லண்டன் ற்றொக்சி அரங்கில் கச்சேரி. ரொக்சிக்கு முன்னால் ஒரு ‘ற்’ சேர்ந்தால் ற்றொக்சி. நண்பன் இருப்பது ஈஸ்ற்ஹாமில், பஸ்ஸிலேயே போய்விடலாம். “ரிக்கற் கிடைக்கல மச்சான்” என்றான். யூரியூப்பில் இலவசமாக விட்டார்கள். பஸ் தூரத்தில் இருந்த அவனும், கடல் தாண்டி நடுச்சாமத்தில் முழித்திருந்த நானும் ஒரே திரையைத்தான் பார்த்தோம். முப்பத்தொரு வருடத்துக்கு முதல் ஜம்பட்டா வீதியில் ஒரு வோக்மனின் இரண்டு காதுகளை ஆளுக்கொன்றாய் வைத்திருந்ததைவிட இது ஒன்றும் பெரிய முன்னேற்றம் இல்லை.

மகள் எழும்பித் தண்ணீர் குடிக்க வந்தாள். “இவரை ரிக்ரொக்கில கண்டிருக்கிறன் அப்பா” என்றாள். முழுப்பாட்டுக் கேட்டாயா என்றேன். “பதினைஞ்சு செக்கன்.” அண்ணை ஒரு நிமிடமாவது விட்டார். அவருடைய றெக்கோடிங் பார் இருந்த இடத்தில் இப்போது போன் திரைக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள்.

ஸ்மித்துக்கு அப்போது அறுபத்தைந்து வயது. தலையில் காகக் கூடு நரைத்திருந்தது, சாயம் இப்போதும் உதட்டை விட்டு வழிந்திருந்தது, குரல் மட்டும் கப்பல் மாமாவின் கசெற்றில் இருந்த அதே குரல். ‘அலோன்’ பாட்டில் மூன்று நிமிடத்துக்கு மேல் வாத்தியங்களே ஓடுகின்றன. டி-60 காலத்தில் இதைப் பதிய வந்திருந்தால் அண்ணை முகவுரையை வெட்டியிருப்பார். நண்பன் பாட்டுக்குப் பாட்டு எனக்கு எழுதிக்கொண்டிருந்தான்: பேஸ் நல்லா இருக்கு, டிரம்ஸ் சத்தம் கூட, இவன் எங்கட வயித்தைக் கலக்கத்தான் வந்திருக்கிறான். ‘ஐ கான் நெவர் சே குட்பை’ தொடங்கியது. ஸ்மித் தன் அண்ணனின் சாவுக்கு எழுதிய பாட்டு. அந்த ஆறு நிமிடமும் அவனிடமிருந்து ஒரு எழுத்தும் வரவில்லை. முடிந்த பிறகு ஒரு வரி வந்தது: “நாளைக்கு மாதம்பிட்டிக்குப் போறியா?”

கேட்கவே தேவையில்லை. நவம்பர் 2, மரித்தோர் நினைவு நாள். நான் சைவக்காரன், ஆனாலும் 2005 இலிருந்து அவனுக்குப் பதிலாக வருடாவருடம் போகிறேன்.

பின்னேரம் மயானம் முழுக்க மெழுகுதிரி. கொட்டாஞ்சேனையே குடும்பம் குடும்பமாக வந்து கல்லறைகளைக் கழுவிப் பூ வைத்துக்கொண்டிருந்தது. அன்ரியின் சிலுவைக்கு முன்னால் இரண்டு திரி கொளுத்திவிட்டு வீடியோ அழைப்பில் அன்ரிக்கு அவனைக் காட்டினேன், அவனுக்கு அன்ரியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு, சும்மா பேச்சுக்கு, புது அல்பத்தின் கணக்கைச் சொன்னேன். பழையது போலவே இதிலும் எட்டுப் பாட்டு. நாற்பத்தொன்பது நிமிடம். டி-60 இல் போட்டால் முதல் பக்கத்தில் ஏழு நிமிடமும் இரண்டாம் பக்கத்தில் மூன்றரையும் மிச்சம்.

“மூன்றரை காணும்” என்றான். “பேய்ப் பாட்டு முடிஞ்சுது மச்சான். அம்மாவுக்கு அந்தக் கடைசிப் பாட்டைப் போடு.”

மனோகரன் 2018 தையில் சென்னையில் காலமானார். அவரிடமிருந்து இனிப் புது அல்பம் வராது. போனில் தேடிப் போட்டேன். பக்கத்துக் கல்லறையில் செபமாலை உருட்டிக்கொண்டிருந்த முதியவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சத்தத்தைக் குறைத்தேன். நிறுத்தவில்லை.